கவசம் கிழிந்த கம்பி

காலையில் ஒரே சாவித் திருப்பில் உயிர்பெற்ற கார், கடைவாசலில் கால்மணி நேரம் நின்ற பிறகு கிளம்ப மறுக்கிறது. ஸ்டார்ட்டர் வேகம் குறையாமல் சுற்றுகிறது. பேட்டரியில் குறையில்லை, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. பானட்டைத் திறந்து வைத்து அரைமணி ஆறவிட்டால், எதுவுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பிவிடுகிறது.

1989க்குப் பின் வந்த வால்வோ 240 வைத்திருப்பவரிடம் இந்த அறிகுறியைச் சொன்னால், அவர் கை தானாக எஞ்சினின் பின்பக்கம் போகும். ஸ்வீடனில் 1974இல் தொடங்கி 1993 வரை உற்பத்தியில் இருந்த கார் அது. 28 லட்சத்துக்கும் மேல் விற்றது. பெட்டி போன்ற உடலும் நீண்ட ஆயுளும் கொண்டது. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின்கள் இன்றும் சாலையில் இருக்கின்றன. இரும்பு அவ்வளவு காலம் உழைத்துவிட்டது. அந்த இரும்போடு, எஞ்சினை நடத்தும் கணினியைச் சேர்த்துக் கட்டிய கம்பிகளின் உறைதான் முதலில் வயதாகிவிட்டது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் மேல்பகுதியில், எஞ்சினையும் காரின் உள்பகுதியையும் பிரிக்கும் தடுப்புத் தகட்டை ஒட்டினாற்போல் ஒரு சிறு சென்சார் இருக்கிறது. அதன் மூக்கு ஃப்ளைவீலின் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் பார்த்துக்கொண்டிருக்கும். விளிம்பைச் சுற்றி 60 பற்களுக்கு இடம் உண்டு. அவற்றில் இரண்டு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஆக 58 பற்கள், ஓர் இடைவெளி. அந்த இடைவெளி கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து பற்களை எண்ணிக்கொண்டே போனால் எந்தக் கணத்திலும் கிராங்க் ஷாஃப்ட் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பது கையில். இந்த எண்ணிக்கை வராவிட்டால் எப்போது தீப்பொறி விடுவது என்று கணினிக்குத் தெரியாது, எரிபொருளையும் தராது. ஸ்டார்ட்டர் வீணாகச் சுற்றும்.

சென்சாருக்குள் இருப்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய சுருளும்தான். இரும்புப் பல் அருகே வரும்போது காந்தப்புலம் அதை நோக்கி வளைகிறது, விலகும்போது தளர்கிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டியது அப்படியே இங்கே நடக்கிறது. 60 இடங்கள் என்பதில் ஓர் அழகான கணக்கும் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ, ஏறத்தாழ அத்தனை அலை நொடிக்குச் சென்சாரிலிருந்து வரும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது நிமிடத்துக்கு 200 சுற்று, நொடிக்கு 200 அலை. நெடுஞ்சாலையில் 3,000 சுற்று, 3,000 அலை.

அலையின் எண்ணிக்கை மட்டுமல்ல, உயரமும் வேகத்தோடு ஏறும். வேகமாக ஓடும்போது இதே சுருள் பத்துப் பத்து வோல்ட்டாக அள்ளித் தருகிறது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மட்டும், ஃப்ளைவீல் மெதுவாக நகர்வதால், ஒரு வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. கணினிக்கு இந்தத் தகவல் மிக அவசியமாக இருக்கும் நேரமும் சமிக்ஞை மிக மெலிந்திருக்கும் நேரமும் ஒன்றே.

அந்த மெலிந்த குரல் பயணம் செய்யும் தெருவில்தான் காரின் மிகப் பெரிய இரைச்சலும் குடியிருக்கிறது. ஸ்பார்க் பிளக் வயரில் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தொடும், அதுவும் நொடியின் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள். இரண்டு கம்பிகள் தொடாமல் பக்கத்தில் கிடந்தாலே அவற்றுக்கிடையே ஒரு சிறு மின்தேக்கி உருவாகிவிடும். அதன் அளவு வெறும் ஒரு பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். விரல்நீளம் இணையாக ஓடும் கம்பிகளுக்கே அதற்கு மேல் இருக்கும். 20 மைக்ரோ நொடியில் 20,000 வோல்ட் ஏறினால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத மின்தேக்கி வழியாக ஒரு மில்லி ஆம்பியர் பாய்கிறது. எதிரே இருப்பது ஆயிரம் ஓம் சுற்று என்றால், விளையும் மின்னழுத்தம் ஒரு வோல்ட். சென்சார் தன் முழு மூச்சையும் கூட்டி அனுப்பிய அதே ஒரு வோல்ட்! கணினியால் பல்லையும் பொறியையும் பிரித்தறிய முடியாது. 58 பற்களுக்குப் பதில் 59 எண்ணினால் அதன் கணக்கு முழுதும் குலைந்துவிடும்.

இதனால்தான் சென்சாரிலிருந்து கணினிக்குப் போகும் கம்பிக்குக் கவசம் போட்டார்கள். கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் தனித்தனி உறைபோட்ட இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இருக்கும். அவற்றைச் சுற்றி அலுமினியத் தாளோ, வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளில் பின்னிய வலையோ இருக்கும். தாள் என்றால், அதை நெடுகத் தொட்டபடி உறையில்லாத ஒரு கம்பியும் ஓடும். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு படலம் இருப்பதால் சாதாரண சால்டர் அதில் ஒட்டாது. தாளை எர்த்தோடு சேர்க்க இந்த வெற்றுக் கம்பிதான் வழி. எல்லாவற்றுக்கும் மேல் வெளியுறை. பிளக் வயரிலிருந்து தாவிவரும் அந்த ஒரு மில்லி ஆம்பியர் இப்போது கவசத்தில் விழுந்து, நேராக எர்த்துக்குப் போய்விடுகிறது.

கவசம் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நினைப்பது பரவலான தவறு. அது தடுப்பது மின்புலத்தை. மெதுவாக மாறும் காந்தப்புலத்தை இந்த மெல்லிய தாளால் நிறுத்த முடியாது. ஆயிரம் ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் கணிசமாக மட்டுப்படுத்தச் செம்பே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனம் வேண்டும்; கம்பியில் இருக்கும் தாளோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். காந்தப்புலத்தைச் சமாளிப்பது முறுக்கு. இரண்டு கம்பிகளும் இடம் மாறி மாறிப் போவதால், ஒரு வளையத்தில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அடுத்த வளையம் எதிர்த்திசையில் தூண்டிக் கழித்துவிடும். தொலைபேசிக் கம்பிகளில் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் புகுந்து தொல்லை தந்த காலத்தில், 1881இல், அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இந்த முறுக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த யோசனைதான் பானட்டுக்கு அடியிலும் வேலை செய்கிறது.

ஆகவே கவசக் கம்பியை வெறும் செம்பு என்று பார்க்கக் கூடாது. கம்பிகளுக்கிடையேயான தூரம், முறுக்கு, கவசம், கவசம் எர்த்தைத் தொடும் இடம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அறுந்த செம்பை ஒட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றி முடித்துவிட்டால், மல்டிமீட்டர் ‘பீப்’ என்று ஒலித்து ஆமோதிக்கும். மீட்டர் பார்ப்பது செம்பு தொடர்கிறதா என்பதை மட்டுமே. மற்றவை போய்விட்டதை அது சொல்லாது.

உறை ஏன் நொறுங்குகிறது? பி.வி.சி. தன்னளவில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாயாக நாம் பார்ப்பது அதைத்தான். வயர் உறையாக வளைய வேண்டும் என்பதற்காக அதில் எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளைக் கலக்கிறார்கள். இவை மூலக்கூறுச் சங்கிலிகளோடு பிணைந்தவை அல்ல, இடையில் புகுந்து வழுக்கவிடுபவை. வெப்பத்தில் அவை மெல்ல ஆவியாகிப் போய்விட, உறை மறுபடி தன் பழைய விறைப்புக்குத் திரும்புகிறது. ரப்பர் வகை உறைகளில் வேறொன்று நடக்கிறது: வெப்பமும் ஆக்சிஜனும் சங்கிலிகளுக்கிடையே மேலும் மேலும் முடிச்சுப் போட்டு இறுக்க, வளைத்தால் பிஸ்கட்போல் உதிர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. அப்படியென்றால் 70 டிகிரியில் இருபது ஆண்டு தாங்கும் உறை, 100 டிகிரியில் இரண்டரை ஆண்டில் அதே நிலைக்கு வந்துவிடும். ஒரே கம்பி, காரின் உள்ளே கணினிப் பக்கம் மெத்தென்றும், தடுப்புத் தகட்டுக்கு அப்பால் கருவாடாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். வால்வோவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 1990களின் முற்பாதியில் வந்த மெர்சிடஸ் கார்கள் சிலவற்றின் எஞ்சின் வயரிங்கும் உறை உதிர்வதில் பெயர் வாங்கியது.

எஞ்சினை நிறுத்திய பிறகுதான் இந்தக் கம்பி மிக அதிகமாகச் சுடுகிறது. விசிறியும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை, தண்ணீரும் ஓடவில்லை. இரும்பில் தேங்கிய வெப்பம் முழுதும் மேலேறி பானட்டுக்குள் சிறைப்படுகிறது. வெடித்த உறை அந்தச் சூட்டில் சற்றே இளகி, உள்கம்பியைக் கவசத்தின்மேல் சாயவிடுகிறது. சமிக்ஞை எர்த்தாகிப் போகிறது. ஆறினால் விலகிக்கொள்கிறது. கடைவாசலில் கால்மணி நேரம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் கால்மணி நேரத்தில் நடப்பது இது.

இதைவிட ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. உள்கம்பிகளின் உறை நன்றாகவே இருக்கும், வெளியுறை மட்டும் உதிர்ந்து, கவசம் எஞ்சின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். எர்த்தோடு சேர வேண்டியதுதானே, தொட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கவசத்தின் ஒரு முனை, பெரும்பாலும் கணினிப் பக்கத்தில், முன்பே எர்த்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150 ஆம்பியர் மின்னோட்டம் எஞ்சினிலிருந்து எர்த் பட்டை வழியே பேட்டரிக்குத் திரும்புகிறது. பட்டையின் இணைப்பில் துருவேறி ஓர் ஓமின் ஆயிரத்தில் நான்கு பங்கு தடை இருந்தாலே போதும்: எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் இடையே 0.6 வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். கவசம் இரண்டு பக்கமும் எர்த்தானால் அந்த வித்தியாசம் கவசத்தின் வழியாகவே மின்னோட்டத்தை ஓட்டும். கேடயமாக இருக்க வேண்டியது, உள்ளே இருக்கும் கம்பிகளை ஒட்டிக்கொண்டே இரைச்சலைச் சுமந்து ஓடும் கம்பியாகிவிடும். அதனால் பழுதுபார்ப்பவர் முதலில் அறிய வேண்டியது, தயாரிப்பாளர் கவசத்தை எந்த முனையில் எர்த் செய்தார் என்பது. வயரிங் வரைபடத்தில் அது இருக்கும். அதை மாற்றக் கூடாது, கூட்டவும் கூடாது.

சென்சாரோடு வார்த்தே வரும் கம்பி கெட்டிருந்தால் என் கருத்தில் ஒட்டுப்போடக் கூடாது. புதுச் சென்சாரே வாங்க வேண்டும். எஞ்சினின் மிகச் சூடான இடத்தில், கை எட்டாத மூலையில், ஒட்டு நிற்பது கடினம். வயரிங் கட்டின் நடுவில் கெட்டிருந்தால் கதை வேறு. பழைய கார்களுக்கு முழு வயரிங் செட் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதுவும் அத்தனை ஆண்டு கிடங்கில் கிடந்த உறையோடுதான் வரும். அங்கே பொறுமையான கை வேலைக்கு மதிப்பு உண்டு.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கணினியின் சாக்கெட்டையும் பிரித்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். துணி டேப்பைப் பிரித்துக்கொண்டே போய், உறை வெடிக்காமல் வளையும் இடம்வரை தேட வேண்டும். நொறுங்கும் இடத்திலேயே வெட்டி ஒட்டினால் ஒட்டுக்கு அடுத்த விரற்கடையில் மறுபடி நொறுங்கும். உறையை உரித்ததும் செம்பு பளிச்சென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால், இழைகளுக்கிடையே ஈரமோ எண்ணெயோ திரிவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட செம்பில் சால்டர் பிடிக்காது. இன்னும் பின்னால் வெட்டத்தான் வேண்டும்.

புதிதாகச் சேர்க்கும் துண்டும் முறுக்கிய, கவசமிட்ட இணைக் கம்பியாகவே இருக்க வேண்டும். ஸ்பீக்கர் வயரோ வீட்டு ஆன்டெனா வயரோ ஆகாது. கார் வயர்களுக்கான சர்வதேச நியமம் உறைகளை அவை தாங்கும் வெப்பத்தின்படி வகுக்கிறது: 85, 100, 125, 150 டிகிரி என்று மேலே போகும். எஞ்சின் பக்கத்துக்கு 125க்குக் குறைந்த எதையும் நான் ஏற்கமாட்டேன். குறுக்குப் பிணைப்பு ஏற்றிய பாலித்தீன் உறை அந்த வகுப்பில் எளிதாகக் கிடைக்கும்.

சால்டரா, கிரிம்ப்பா என்ற விவாதத்துக்கு மெக்கானிக்குகளிடையே முடிவு இல்லை. உருகிய சால்டர் இழைகளுக்குள் ஏறி, கம்பியின் ஒரு பகுதியைக் குச்சியாக்கிவிடும். குச்சி முடிந்து இழைகள் தொடங்கும் விளிம்பில் அதிர்வு முழுதும் குவிந்து அங்கேயே அறும். சரியான அச்சுக் கொண்ட கருவியால் அமுக்கிய கிரிம்ப்பில் இழைகள் ஒன்றோடொன்று காற்றுப் புகாதபடி நசுங்கிச் சேரும். ஆனால் மலிவான இடுக்கியால் நசுக்கிய கிரிம்ப், நல்ல சால்டரைவிட மோசம். சரியான கருவி இருப்பவர் கிரிம்ப் செய்யட்டும். இல்லாதவர், தந்திக் காலத்து முறைப்படி இரண்டு கம்பிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகச் சுற்றி, அந்தப் பிடியே இழுவையைத் தாங்கும்படி செய்து, பிறகு குறைவாகச் சால்டர் வைத்து, இரு பக்கமும் கம்பி ஆடாமல் கட்டிவிட்டால் போதும். பைன் பிசின் கலந்த சால்டர்தான் வேண்டும். குழாய் வேலைக்கான அமிலப் பசை செம்பை உள்ளிருந்து தின்னும்.

இரண்டு கம்பிகளின் ஒட்டுகளும் ஒரே இடத்தில் வரக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வர வேண்டும். எந்தக் கம்பி எது என்பதும் மாறக் கூடாது. சுருள்தானே, எப்படிக் கொடுத்தால் என்ன என்று மாற்றிவிடுபவர்கள் உண்டு. பல்லின் நடுப்பகுதி சென்சாரைக் கடக்கும் கணத்தில் அலை செங்குத்தாகச் சரிந்து சுழியத்தைக் கடக்கும். கணினி அந்தச் சரிவைத்தான் அடையாளமாகக் கொள்கிறது. கம்பிகள் மாறினால் அலை தலைகீழாகி, பல்லுக்குப் பதில் பள்ளத்தை அது அடையாளமாக எடுத்துக்கொள்ளும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. பாதி என்றால் 3 டிகிரி தவறு. வண்டி ஒருவேளை ஓடும். இக்னிஷன் நேரம் தவறியபடியே ஓடும்.

ஒட்டுகளின்மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இந்தச் சிறு குழாயின் அறிவியல் எனக்கு மிகவும் பிடித்தது. பாலித்தீன் போன்ற பிளாஸ்டிக் குழாயை எலக்ட்ரான் கற்றையில் காட்டும்போது அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக்கொள்கின்றன. பிறகு அதைச் சூடாக்கி, அகலமாக விரித்து, விரித்த நிலையிலேயே குளிரவைக்கிறார்கள். உறைந்த படிகங்கள் அதை விரிந்தபடி பிடித்து வைத்திருக்கும். நாம் மறுபடி சூடுகாட்டும்போது படிகங்கள் உருக, முடிச்சுகள் குழாயை அதன் பழைய அளவுக்கு இழுத்துவிடும். 1957இல் பால் குக் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இதைத் தொழிலாக வளர்த்தது. உள்பக்கம் பசை பூசிய வகை வாங்கினால் ஈரமும் உள்ளே போகாது. கம்பிகளைச் சேர்ப்பதற்கு முன்பே ஸ்லீவைக் கோத்து வைத்திருக்க வேண்டும். அதுவும் சால்டர் சூடு எட்டாத தூரத்தில்.

அடுத்து, அவசரக்காரர்கள் விட்டுவிடும் பகுதி. உறைபோட்ட இரு கம்பிகளையும் பழைய முறுக்கின் திசையிலேயே மறுபடி முறுக்க வேண்டும். இரு பக்கக் கவசங்களின் வெற்றுக் கம்பிகளை, உள்கம்பிகளின் ஒட்டிலிருந்து தள்ளி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். வலைக் கவசமாக இருந்தால் இழைகளை முனையில் பிரித்து, ஒரு வால்போல் திரித்து இணைக்கலாம். சூட்டுக்கோலின் முனை 350 டிகிரியில் இருக்கும். செம்பு வலை அந்தச் சூட்டை நொடியில் கடத்தி, உள்ளே இருக்கும் உறையைக் கெடுத்துவிடும். அதனால் இங்கே வேகம் வேண்டும். பிறகு, திறந்து கிடக்கும் பகுதியின்மேல் செம்புத்தாள் டேப்பை இரு பக்கக் கவசங்களையும் தொடும்படி சுற்ற வேண்டும். ஒரு சென்டிமீட்டர் திறந்திருந்தால் பெரிய கேடில்லை. தாவிவரும் இரைச்சல் திறந்த நீளத்துக்கு ஏற்ற அளவே இருக்கும். பத்து சென்டிமீட்டரை அம்மணமாக விட்டால் கவசம் போட்டதன் பயனில் பெரும்பகுதி போய்விடும். எல்லாவற்றின் மேலும் ஒரு பெரிய பசை ஸ்லீவ் போட்டாக வேண்டும்: கவசம் எஞ்சினைத் தொடாமல் காக்கும் தோல் அதுதான்.

நாக் சென்சார் கம்பிக்கும் இதே முறைதான், இன்னும் கூடுதல் கவனத்தோடு. அதற்குள் இருக்கும் படிகம் சிலிண்டரின் தட்டொலியைக் கேட்டுத் தருவது பெரும்பாலும் மில்லி வோல்ட் கணக்கில். ஆக்சிஜன் சென்சார் கம்பியில் மட்டும் சால்டர் கூடாது. பல வகைகளில் சென்சார் தனக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பி இழைகளின் இடுக்கு வழியாகவே இழுத்துக்கொள்கிறது. சால்டரும் பசையும் அதன் மூச்சை அடைத்துவிடும்.

சோதிக்கும்போது கணினியின் சாக்கெட் கழன்றே இருக்கட்டும். சென்சாரின் சுருள் சில நூறு ஓம் காட்ட வேண்டும். இரு கம்பிகளில் எதிலிருந்தும் கவசத்துக்கு மீட்டர் எதுவுமே காட்டக் கூடாது. கவசத்திலிருந்து எர்த்துக்கும், கணினிப் பக்க முனை பிரிந்திருக்கும்போது, ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ எஞ்சினைத் தொடுகிறது. கம்பியை அசைத்தபடியும், முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டியபடியும் அதே அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். ஆறிய கம்பி சொல்வதை நம்பக் கூடாது.

பிறகு கம்பியை அதன் பழைய கிளிப்புகளிலேயே மாட்டவேண்டும். பிளக் வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கடந்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க வேண்டும். சாக்கெட்டையும் பேட்டரியையும் மாட்டி, இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பானட்டை மூடியபடியே கால்மணி நேரம் விட வேண்டும். வெப்பம் மேலேறி அந்தக் கம்பியைச் சூழும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பும்போது, கண் டேக்கோமீட்டர் முள்ளில் இருக்கட்டும். எஞ்சின் பிடிப்பதற்கு முன்பே, ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒன்றிரண்டு நொடியில், முள் சுழியத்திலிருந்து சற்றே எழும். பற்களின் எண்ணிக்கை கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.